வெள்ளைப் பூச்சும் அடிவண்ணமும்

போரையும் பருவத்தையும் இணைத்து எண்ணியவர் தமிழர். தொல்காப்பியர் புறத்திணையியலில் வாகைத் திணையின் துறைகளைக் கூறுமிடத்துக் கூதிர்ப் பாசறையையும் வேனிற் பாசறையையும் சேர்த்தே வைத்தார். கூதிர்ப் பாசறையை விரித்துக் காட்டும் பாட்டு நெடுநல்வாடை. அதன் இறுதியில் வாடைக் காற்று விளக்குச் சுடரை அலைக்கும் நள்ளிரவில், பாண்டியன் சிலரோடு வெளியே வந்து, புண்பட்ட வீரர்களைக் கண்டு ஆறுதல் கூறி நடக்கிறான். குளிர்காலப் போரைப் பாட வந்த நக்கீரர் வெற்றி முரசோடு முடிக்காமல், புண்பட்டோரிடம் மன்னனை அழைத்துச் சென்று முடித்தார். வகுப்பறையில் இப்பகுதியைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வந்த எமக்கு, அதன் பொருளை வேறொரு வழியில் உணரும் வாய்ப்பு அண்மையில் வாய்த்தது.

நம் முன்னோர் போருக்குப் பூச்சூடிச் சென்றனர். வெட்சி சூடி ஆநிரை கவர்ந்தனர். கரந்தை சூடி மீட்டனர். வஞ்சி சூடிப் படையெடுத்தனர். தும்பை சூடிப் பொருதனர். தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்வது அக்காலப் போர்மரபு. இக்காலப் போர்மரபோ தம்மைக் காட்டாதிருப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் படைகளில் காக்கி உடை வந்தது. 'காக்' என்னும் பாரசீகச் சொல்லுக்கு மண், புழுதி என்பது பொருள். உருது பேசும் இல்லங்கள் மிகுந்த எம் பகுதியில் இதனை விளக்கவேண்டியதில்லை. புழுதியில் மறையப் புழுதி நிறம். காட்டில் மறையப் பச்சை. பனியில் மறைய வெள்ளை. இம்மூன்றாவது வண்ணத்தோடுதான் எமக்கு ஓராண்டுப் பழக்கம் ஏற்பட்டது.

எம் தமக்கையின் மகன் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் வண்ணம் தெளிக்கும் பணி செய்கிறான். தந்தையை இளமையிலேயே இழந்தவன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். சிங்கப்பூரில் பணிபுரியும் உறவினர் ஒருவர் அவனுக்குப் பரிசாக ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஜப்பானின் தாமியா நிறுவனத்தார் செய்த, சோவியத் நாட்டு டி-34 டாங்கியின் மாதிரி அது. முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவினது. தனியே செய்ய அஞ்சி, ஞாயிறுதோறும் வேலூரில் உள்ள எம் இல்லத்துக்கு அதனைத் தூக்கி வந்தான். அதே மாதத்தில்தான் அவன் இராணுவத்தில் சேர விண்ணப்பித்த செய்தியும் வெளியாயிற்று.

தமக்கையார் நேரே வந்துவிட்டார். "படிச்ச தம்பி, அவனுக்கு நல்லது சொல்லுவேன்னு நினைச்சேன். நீயும் கூட உக்காந்து டாங்கி ஒட்டிக்கிட்டு இருக்கியே!" என்றார். அடுத்த வாரம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் எம் திண்ணையில் அமர்ந்து, சினமின்றி ஒரு வினாவை வைத்தார்: "பேராசிரியரே, போர்க் கருவியை விளையாட்டுப் பொருளாக்கினால் பிள்ளைகள் மனம் எந்தப் பக்கம் திரும்பும்?"

இரண்டும் நியாயமான கேள்விகள். கையிலுள்ள வேலையே மறுமொழி தரட்டும் என்று எண்ணிப் பெட்டியைப் பிரித்தோம்.

டி-34 உற்பத்திக்கு வந்தது 1940இல். சாய்ந்த கவசத் தகடுகளும், சேற்றிலும் பனியிலும் எளிதில் புதையாத அகன்ற சங்கிலிப் பட்டைகளும் அதன் சிறப்பு. 1941 ஜூன் மாதம் ஜெர்மனி படையெடுத்தது. குளிர்காலத்துக்குள் போர் மாஸ்கோவின் வாயிலை எட்டியது. கரும்பச்சை வண்டி வெண்பனியில் தொலைவிலிருந்தே தெரியும் என்பதால், அதன்மேல் வெள்ளை பூசினர். எதிர்ப்பக்கத்து ஜெர்மானியரோ குளிருக்குப் போதிய ஆயத்தமின்றி வந்தவர்கள். கிடைத்த சுண்ணாம்பைப் பூசினர். படுக்கை விரிப்புகளையும் போர்த்தி மறைந்தனர். இந்த வெள்ளை நிலையான வண்ணமன்று. பனி உருகும் பருவத்தில் கழுவி நீக்கவேண்டியது. நோன்புக்கு முன் நம் வீடுகளுக்கு வெள்ளையடிப்போமே, ஏறத்தாழ அதைப் போன்றதுதான். ஆகவே அது நிற்பதில்லை. மழை கரைக்கும், மரக்கிளை உரசும், ஏறி இறங்கும் கால்கள் தேய்க்கும். தேய்ந்த இடமெல்லாம் பச்சை எட்டிப் பார்க்கும்.

இவ்வண்டி நமக்கு முற்றிலும் அயலதும் அன்று. டி-34இல் இருந்த வி-2 என்னும் டீசல் எஞ்சினின் வழித்தோன்றலே பிற்காலத்து டி-72 டாங்கியின் எஞ்சின். அது ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதே ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பின்னாளில் டி-72 'அஜேயா' என்னும் பெயரில் அங்கேயே உருவாயிற்று. ஆம்பூரிலிருந்து சென்னைக்கு இரயிலேறும் ஒவ்வொருவரும் ஆவடியைக் கடந்தே செல்கிறோம்.

உடல் நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர் உள்ள வண்டி, மாதிரியில் 17 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டுத் தழும்பை அரத்தால் தேய்த்து, ஒட்டவேண்டும். இதற்குரிய பசை சாதாரணப் பசையன்று. இரு துண்டுகளின் விளிம்பையும் சற்றே உருக்கி ஒன்றாக்கிவிடுவது. பக்கத்துக்கு ஐந்து பெருஞ் சக்கரங்கள். ஒன்று சாய்ந்தாலும் சங்கிலி அமராது. ஒரு ஞாயிறு முழுதும் சக்கரங்களுக்கே போயிற்று.

வண்ணத்துக்கு வந்தபோது ஆசிரியர் மாணவரானோம். முதலில் அடிப்பூச்சு, அடுத்துக் கரும்பச்சை, அதன்மேல் காப்புப் பூச்சு, கடைசியாகத்தான் வெள்ளை. யாம் பச்சையை ஒரே முறையில் முடித்துவிடலாம் என்றோம். அவன் தலையசைத்தான். "ஒரே கோட்டுல கனமா அடிச்சா தோலு மடங்குறப்ப வெடிச்சிடும் மாமா. ரேகையும் மூடிப்போயிடும். மெலிசா மூணு கோட்டு அடிக்கணும்" என்றான். தோலின் ரேகைக்குச் சொன்னது இங்கே கவசத்தின் ஆணித் தலைகளுக்கும் பற்றவைப்புத் தடங்களுக்கும் பொருந்தியது. தெளிப்பானை எத்தனை விரல் தொலைவில் பிடிப்பது, எங்கே தொடங்கி எங்கே கையை எடுப்பது என்பவற்றை அவன் கை அறிந்திருந்தது. தேர்வில் மதிப்பெண் பெறாத அறிவு ஒன்று அக்கையில் இருப்பதை அன்று கண்டோம்.

தேய்ந்த வெள்ளையைக் காட்டுவதற்கு மாதிரி செய்வோர் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. பச்சை நன்கு உலர்ந்தபின், வெள்ளை தேய வேண்டிய இடங்களை நீரால் நனைத்து, அங்கே தூளுப்பைத் தூவவேண்டும். உப்பு காய்ந்து பற்றிக்கொள்ளும். அதன்மேல் வெள்ளையை மென்மையாகத் தெளித்து, உலர்ந்தபின் விறைப்பான தூரிகையால் தேய்த்தால், உப்போடு அவ்விடத்து வெள்ளையும் உதிரும். அடியிலுள்ள பச்சை ஒழுங்கற்ற ஓரங்களோடு வெளிப்படும். இதைக் கேட்டதும் அவன் சிரித்துவிட்டான். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு. மயிர் களையச் சுண்ணாம்பு. இவ்விரண்டும்தானே எம் பாலாற்றங்கரைத் தொழிலின் முதற்படிகள்! "கம்பெனி வேலையையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம் மாமா" என்றான்.

ஆனால் உப்பை எங்கே தூவுவது? கண்டபடி தூவினால் வண்டி சொறி பிடித்தது போலாகும். ஒவ்வோரிடத்திலும், 'இங்கே யார் கை பட்டிருக்கும்? யார் கால் பட்டிருக்கும்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஓட்டுநர் நுழையும் முன்கதவின் விளிம்பு தேயும். கோபுரத்தின் மேல்மூடியைச் சுற்றித் தேயும். எரிபொருள் ஊற்றும் வாயருகில் எண்ணெய்க் கறையும் சேரும். கை எட்டாத மடிப்புகளில் மட்டும் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். இப்படி ஒவ்வொரு தேய்மானமும் ஒரு மனிதனைக் காட்டியது. வண்டியை மறைக்கப் பூசிய வெள்ளையில், அவ்வண்டிக்குள் வாழ்ந்தவர்களின் தடம் மறையவில்லை.

பெட்டியில் மனித உருவமும் இருந்தது. உருவம் செய்வதில் நம் வீடுகளில் உள்ள தயக்கத்தை மதித்து, அதனைச் சேர்க்காமல் விட்டோம். கோபுரத்தின் மூடி மட்டும் திறந்து நிற்கிறது. ஆள் இல்லாத குறையை ஈடுசெய்ய அவன் ஒரு வேலை செய்தான். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவன் இவ்வளவையில் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு என்று கணக்கிட்டு, அந்த நீளத்தில் நான்கு காகிதக் கீற்றுகளை வெட்டி, மேல்தட்டை ஒட்டுமுன் உள்ளே வைத்துப் பார்த்தான். இவ்வண்டியின் படையணி நால்வர். எஞ்சினும் குண்டுகளும் பீரங்கியும் கொள்ளும் இடம் போக எஞ்சியதில் கீற்றுகளை மடித்தே வைக்க முடிந்தது. நெடுநேரம் அவன் பேசவில்லை. அருகே நின்ற தமக்கையார்தாம் கேட்டார்: "இரும்புக்குள்ள, பனியில... குளுராதாடா?"

அக்கேள்வி நெடுநல்வாடையின் இறுதிப் பகுதிக்கு எம்மைக் கொண்டு சேர்த்தது. வெள்ளைப் பூச்சு பகைவன் கண்ணிலிருந்து இரும்பை மறைக்கும். உள்ளிருப்பவனைக் குளிரிலிருந்து காக்காது. பாண்டியன் நள்ளிரவில் நடந்து பார்த்தது அந்த உள்ளிருப்பவனைத்தான்.

அன்று மாலை அவனுக்குச் சோஜிலாக் கணவாயின் வரலாற்றைக் கூறினோம். 1948 நவம்பர் முதல் நாள், கடல் மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டர் உயரத்தில், பனி சூழ்ந்த அக்கணவாயில் ஏழாம் இலகு குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறின. டாங்கி ஏறக்கூடும் என எவரும் எதிர்பாராத உயரம். முன்னணி டாங்கியில் தளபதி திம்மையா தாமே சென்றார். டாங்கிகளின் கோபுரங்களைக் கழற்றி, தார்ப்பாய் போர்த்தி, இரவிலே நகர்த்தி, மறைவாகக் கொண்டுவந்திருந்தனர். அவை ஏறுவதற்குப் பால்டாலிலிருந்து மலைத்தடத்தை அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்கள். 1780இல் தோன்றிய, 'தம்பிகள்' என்று அழைக்கப்படும் பொறியியற் படையினர். பனியையே கண்டிராத தென்னாட்டு ஊர்களின் பிள்ளைகள் பாறையை உடைத்து வழி செய்தனர். அம்மாத இறுதிக்குள் கார்கில் மீண்டது. கம்மவான்பேட்டை போன்ற படைவீரர் ஊர்களைக் கொண்ட வேலூர் மாவட்டத்தார் இதனைத் தம் வீட்டுச் செய்தியாகவே கொள்ளலாம். "போனா சாப்பர்ஸ்லதான் மாமா போகணும்" என்றான் அவன். துப்பாக்கி பற்றிய பேச்சு அதன்பின் குறைந்தது. பாலம், சாலை பற்றிய பேச்சு வளர்ந்தது.

ஆயினும் தமக்கையாரின் கவலை தீரவில்லை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி பணி நான்காண்டு. காற்பங்கினர் வரையே நிலையாகத் தொடர்வர். "நாலு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தா?" என்பது அவர் கேள்வி. யாம் மேசைமேல் இருந்த மாதிரியைக் காட்டினோம். "இந்த வெள்ளை ஒரு பருவத்துக்கு உரியது. கழுவியபின் நிற்பது அடிவண்ணம். அது உறுதியாக இருந்தால் வெள்ளை போனதற்கு வருந்தவேண்டியதில்லை. அடிவண்ணமே இல்லாமல் வெள்ளையைப் பூசினால், கழுவும்போது வெறும் இரும்பு துருப்பிடிக்கும்" என்றோம். அவன் உடனே மறுமொழி சொல்லவில்லை. இரு வாரங்கள் கழித்துத் தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்த இரசீதைக் கொண்டுவந்து காட்டினான். படைத்தேர்வும் எழுதியிருக்கிறான், முடிவு இன்னும் வரவில்லை. தமக்கையார் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் மாதிரியின்மேல் தூசி படியாமல் மெல்லிய துணியால் மூடிவைப்பவர் அவரே.

பெரியவரின் வினாவுக்கு இப்போது எம்மால் விடை கூற முடியும். ஆயத்தமாக வாங்கிய பொம்மைத் துப்பாக்கி பிள்ளையின் மனத்தை எங்குத் திருப்புமோ அறியோம். தன் கையால் துண்டு துண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு தேய்மானத்துக்கும் காரணம் தேடி, நான்கு மனிதர்க்கு உள்ளே இடம் போதுமா என்று அளந்து பார்த்தவன், போரைக் கொண்டாட்டமாக எண்ணமாட்டான். அதன் கனம் அவனுக்குத் தெரியும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் தோல் தொழிலுக்கும், சிலர் அயல்நாட்டுக்கும், சிலர் படைக்கும் செல்வீர்கள். சூழலுக்கேற்ற பூச்சு ஒவ்வோரிடத்திலும் உங்கள்மேல் ஏறும், அது தவறன்று, உயிர் காக்கவும் கூடும். நீங்கள் இங்கே கற்கும் மொழியும் ஒழுக்கமும் கைத்திறனும் அதற்கு அடியில் நிற்கவேண்டியவை. அவசரப்பட்டு ஒரே பூச்சில் முடித்துவிடாதீர்கள். மெல்லியதாக, மும்முறை பூசுங்கள். ஒவ்வொன்றும் உலரும்வரை பொறுத்திருங்கள்.