தட்டைத் தலை

உத்திரமேரூரில் ஓர் அரிசி ஆலையின் பின்கொட்டகையில் பல ஆண்டுகளாக நின்றிருந்த வில்லிஸ் ஜீப்பை வாங்கியபோது, அதன் எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது பழையது என்பது மட்டும்தான். அதை ஓடவைத்தால் போதாது, வேகமாக ஓடவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒன்றும் அறியாதவனுக்கே வரக்கூடிய ஆசை.

அது 'சைடு வால்வு' வகை எஞ்சின். இன்றைய எஞ்சின்களில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே, ஹெட்டில் இருக்கும். இதில் அவை சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே மேல்நோக்கி நிற்கின்றன. ஆகவே ஹெட் என்பது ஏறக்குறைய ஒரு தட்டையான இரும்பு மூடி. அமெரிக்கர்கள் பிளாட்ஹெட் என்று சொல்வது இதனால்தான். ஹென்றி ஃபோர்டு 1932இல் மலிவு விலைக் காருக்குள் வைத்த வி-8 எஞ்சினும் இதே குலம். அதைக் குடைந்தும் தேய்த்தும் வேகமேற்றுவதை அமெரிக்க இளைஞர்கள் ஒரு கலையாகவே வளர்த்தார்கள். ஜீப்பினுடையது நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர். 48 குதிரைத்திறனாக இருந்ததை 60க்கு உயர்த்தியவர் பார்னி ரூஸ் என்ற பொறியாளர்.

அரிசி ஆலைக்காக அந்த வண்டியை முப்பது ஆண்டுகள் பராமரித்த மெக்கானிக் பெரியவரைத் தேடிப்போனேன். என் திட்டத்தைக் கேட்டுவிட்டு, "மொதல்ல தூர் வாரணும் தம்பி. வேகமெல்லாம் அப்புறம்" என்றார்.

உண்மையிலேயே தூர்தான். பிளாக்கின் நீரறைகளில் கம்பியை விட்டுக் குடையக் குடைய, துருவும் சேறுமாகச் செங்குழம்பு வந்துகொண்டே இருந்தது. ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்துச் சபை ஏரிக்கென்றே ஒரு வாரியம் வைத்திருந்த செய்தி இருக்கிறது. வைரமேகத் தடாகத்தின் கரையில் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீர் போகிற வழி அடைபட்டால் என்னவாகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று நாள் வாரினோம்.

நான்காம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கலவையை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு திறன் என்று படித்திருந்தேன். இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 6.48. ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவினால் அது உயரும். பெரியவர், "ஹெட்ல கை வைக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். அவருக்குச் சொல்லாமல் செங்கல்பட்டில் ஒரு பட்டறைக்கு எடுத்துச்சென்று மூன்று மில்லிமீட்டர் சீவச் சொன்னேன். அவர்கள் தயங்கினார்கள். நான்தான் வற்புறுத்தினேன்.

ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப்போட்டே இயந்திரம் கற்றார் என்ற கதை அப்போது எனக்கு ஊக்கமாக இருந்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டியவர் அவர். பிரித்ததைத் திரும்பப் பூட்டவும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் வண்டி சீறியது. ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். வேகம் கூடக் கூட மூச்சு முட்டியது. ஆவி கிளம்பியது. திறந்து பார்த்தபோது ஹெட்டில் மயிரிழைபோல் ஒரு விரிசல்.

என் பிழை பின்னர்தான் விளங்கியது. இந்த எஞ்சினில் கலவை கீழிருந்து வால்வு வழியாக மேலெழுந்து, பக்கவாட்டில் திரும்பி, சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். அந்தத் திருப்பத்துக்குக் கூரை ஹெட்தான். கூரையைத் தாழ்த்தினால் இறுக்கம் கூடும், ஆனால் காற்று வரும் வழி குறுகும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தாக வேண்டும். பிரிட்டனின் ஹாரி ரிக்கார்டோ முதல் உலகப் போருக்குப் பிறகு இந்த வகைக்குச் செய்த திருத்தமும் வெறும் சீவல் அல்ல. எரியறையை வால்வுகளின் பக்கமாகத் திரட்டி, மறுபக்கத்தில் கூரையைப் பிஸ்டனுக்கு மிக அருகே கொண்டுவந்து, கலவையைச் சுழலச் செய்து சீக்கிரம் எரியவைத்தார். ஹெட்டின் வடிவத்தையே யோசித்தார். நான் தடிமனை மட்டும் யோசித்தேன்.

அதே கல்வெட்டில் இன்னொரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலைக்கு எழுதக்கூடாது. இரண்டு நாள் பெரியவர் கண்ணில் படாமல் திரிந்தபோது அது அடிக்கடி நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் ஹெட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். விரிசலின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். திட்டவில்லை. "இதை நான் ஆறு தடவை இறக்கி ஏத்தியிருக்கேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

சென்னைப் புதுப்பேட்டையில் அலைந்து வேறொரு பழைய ஹெட் கிடைத்தது. இம்முறை தளம் சமமாகும் அளவுக்கு மட்டும் சீவினோம். மற்ற உழைப்பெல்லாம் வழிகளில். வால்வு இருக்கைகளைப் பசை தடவிக் கையால் தேய்த்தோம். துளைகளின் வார்ப்புப் பிசிறுகளை அரத்தால் நீக்கினோம். வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான விளிம்பைச் சிறிது சரித்தோம். எங்கே நிறுத்துவது என்று பெரியவர் விரலால் தடவிச் சொன்னார். அதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

ஜீப் இப்போது வேகமான வண்டி அல்ல. ஏரிக்கரை மேட்டில் இரண்டாம் கியரில் திணறாமல் ஏறுகிறது. முதன்முறை ஏறியபோது பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதை முன்னால் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். மேலே போனதும், "அணைக்காதீங்க, கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார்.

விரிசல் விட்ட ஹெட் இன்னும் அவர் கொட்டகையில்தான் சாய்ந்திருக்கிறது. நான் கேட்டும் தரவில்லை.