அன்னையின் நடை

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என எம் தமிழ்ப் பேராசிரியர் அவர்கள் பணித்தபொழுது, செய்யுள் நடை, உரைநடை என்பவற்றுள் ஒன்றைப்பற்றி யான் எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். யானும் நடையைப்பற்றியே எழுதப் புகுந்தேன். ஆயினும் இது புலவர் நடை அன்று. சென்ற பெருவிடுமுறை தொடங்கி என் அன்னையார் மீண்டும் கற்றுக்கொண்ட நடை. பேராசிரியர் பொறுத்தருள்க.

அன்னையாருக்கு அகவை 53. செம்மணல் தேரியை அடுத்த எம் சிற்றூரிலே, ஆலயத்தின் முதல் மணி ஒலிக்குமுன் எழுந்து, வீட்டு வேலைகளை ஒருவாறு முடித்து, இரண்டாம் மணிக்குள் பாய்விரித்து அமர்ந்துவிடும் பெண்களுள் அவர் முதல்வர். அவ்வாறிருந்தவர் சில திங்களாக ஆலயத்திற்குச் செல்லும் வழியில் புளியமரத்தடியில் நின்று நின்று சென்றதை யாங்கள் கண்டும் காணாதிருந்தோம். கேட்டால், “வயிற்றுப் பொருமல்” என்று சொல்லி ஓமநீர் அருந்துவார். ஒருநாள் உடல் முழுதும் வியர்த்துத் திண்ணையிற் சாய்ந்த பின்னரே நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்கள் மூன்றில் அடைப்பு. லெந்து நாட்களில் பைபாஸ் அறுவை நிகழ்ந்தது. மார்பெலும்பை நடுவே பிளந்து, காலிலிருந்து எடுத்த குழாயையும் மார்பின் உட்புறத்துக் குழாய் ஒன்றையும் கொண்டு அடைப்புகளைக் கடந்து குருதிக்குப் புதுவழி அமைத்துப் பின் எலும்பை எஃகுக் கம்பியாற் பிணைத்தனர். உயிர்த்தெழுந்த திருநாளுக்கு அன்னையார் வீட்டில் இருந்தார், ஆலயத்தில் இல்லை.

வீடு திரும்புகையில் மருத்துவமனையார் தந்த தாளில் இரண்டு செய்திகள் சிறப்பாக எழுதப்பட்டிருந்தன. காலையும் மாலையும் சிறிது சிறிதாக நடந்து பழகவேண்டும் என்பது ஒன்று. ஐந்து கிலோவுக்கு மிகுந்த சுமையைத் தூக்கலாகாது என்பது மற்றொன்று. இரண்டாவதை வீட்டார் அனைவரும் மனப்பாடம் செய்தோம். முதலாவதைப் படித்த நினைவே எமக்கு இல்லை.

ஈண்டு என் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். வீடு வந்த நான்காம் நாட்காலை, அடுக்களையில் நீர் நிறைந்த குடத்தின் கழுத்தில் அன்னையார் கைவைத்ததைக் கண்டேன். “அம்மா, சாகத் துணிந்தீர்களா?” என்று கூவிவிட்டேன். அண்டை வீட்டார் ஓடிவந்தனர். குடத்தைத் தடுத்தது பிழையன்று. நிறைகுடம் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. பிணைத்த எலும்பு கூடுவதற்கு முன் அதனைத் தூக்கியிருந்தால் கேடு விளைந்திருக்கும். ஆனால் யான் குடத்தோடு நிற்கவில்லை. துடைப்பத்தை ஒளித்து வைத்தேன். முற்றத்துக் கதவைத் தாழிட்டேன். உண்கலத்தைக் கட்டிலுக்கே கொண்டு சென்றேன். தந்தையார் என்னை மெச்சினார், அத்தை, “இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும்?” என்றார். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. அன்றுமுதல் கட்டிலைவிட்டு எழுவதற்கும் எம்மைக் கேட்கலானார். நான்கு வாரத்தில் கால்கள் மெலிந்தன. குளியலறைக்குச் சென்று மீள்வதற்குள் மூச்சு இரைத்தது. அவ்விரைப்பைக் கண்டு இன்னும் அஞ்சி, இன்னும் இறுகக் காவல் செய்தோம்.

தமிழ் மாணவனாகிய என்னை ஒரு சொல் அப்பொழுது உறுத்தியிருக்கவேண்டும், பின்னரே உறுத்தியது. ஓய்வு என்பது ஓய் என்னும் வினையடியாகப் பிறந்தது. வேலைவிட்டு இளைப்பாறுதலும் ஓய்தல். வலி குன்றித் தளர்தலும் ஓய்தல். ஒன்று முடிந்துபோதலும் ஓய்தலே. மழை ஓய்ந்தது என்கிறோம்; ஆள் ஓய்ந்துவிட்டான் என்றும் சொல்கிறோம். முதற்பொருளில் யாங்கள் கொடுத்த ஓய்வை அன்னையாரின் உடல் இரண்டாம் பொருளிற் பெற்றுக்கொண்டது.

ஆறாம் வாரம் மருத்துவரைக் காணச் சென்றோம். புண் நன்கு ஆறியிருந்தது. இதயமும் குறையின்றி இயங்கியது. ஆயினும் நீண்ட தாழ்வாரம் ஒன்றில் ஆறு நிமிடம் இயன்ற மட்டும் நடக்கச் செய்து அளந்தபொழுது, அன்னையார் 215 மீட்டரே நடந்தார்; இடையில் இருமுறை சுவரைப் பற்றி நின்றார். “வீட்டில் எவ்வளவு நடக்கிறீர்கள், அம்மா?” என்று மருத்துவர் வினவினார். அன்னையார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை யான் மறக்குமாறில்லை.

அம்மருத்துவமனையிலேயே இதய நோயாளர்க்கெனப் பயிற்சிக்கூடம் ஒன்று உண்டு. வாரத்திற்கு மூன்று நாளாகப் பன்னிரண்டு வாரம் வருதல் வேண்டும் என்றனர். ஊரில் இதனைக் கேட்டோர் நகைத்தனர். “அடுப்படியில் நடக்கிற நடை போதாதா? இதற்குக் காசு கொடுத்து நடப்பார்களா?” என்றார் ஓர் உறவினர். சில நாள் முன்பு துரும்பையும் அசைக்கலாகாது என்றவரும் இவரே! கூடத்தின் இயன்முறை மருத்துவர் இதற்கு அழகாக விடை கூறினார். வீட்டு வேலை விட்டுவிட்டு நிகழ்வது. நூறு முறை எழுந்து நூறு முறை நிற்பது. களைப்பைத் தரும், ஆனால் இதயத்தை ஓரளவில் நிறுத்தித் தொடர்ந்து இயக்காது. எவ்வளவு செய்தோம், நாளை எவ்வளவு கூட்டலாம் என்ற கணக்கும் அதில் இல்லை. பயிற்சியோ மருந்தைப் போல் அளந்து கொடுக்கப்படுவது.

நகரத்திற் சித்தி வீட்டில் அன்னையார் தங்கினார். விடுமுறை முழுதும், கல்லூரி திறந்தபின் மாலை வேளைகளிலும், யான் உடன் சென்றேன். முதல்நாட் காட்சி இன்னும் கண்முன் நிற்கின்றது. கூடத்திற் பதினொரு நோயாளர். அவருள் பெண் அன்னையார் ஒருவரே. பல நாடுகளிலும் இத்தகைய பயிற்சிக்கு வரும் பெண்கள் ஆண்களினும் குறைவென்று பின்னர்ப் படித்தேன். எம் வீட்டை நினைத்தால் அதில் வியப்பில்லை. சேலையின் கரையைக் கணுக்காலுக்கு மேல் ஊசியாற் பிணைத்து, வாழ்நாளில் முதன்முறையாகக் கித்தான் காலணி அணிந்து, நாணி ஓரமாக நின்றார். மார்பில் இ.சி.ஜி. கம்பிகளை ஒட்டினர். காலடியில் பட்டை உருண்டோடும் ட்ரெட்மில் என்னும் பொறியைக் கண்டதும், “பூமி நகருகிறது, நான் ஏறமாட்டேன்” என்று பின்வாங்கினார். அடுத்த பொறியில் நடந்துகொண்டிருந்த முதிய துணிவணிகர் ஒருவர், “அக்கா, நானும் முதல்நாள் இதையே சொன்னேன், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றார். அன்னையார் ஏறினார். எட்டு நிமிடம் நடந்தார்.

பொறியில் ஏறுமுன் பத்து நிமிடம் கைகால்களை மெல்ல அசைத்து உடலைச் சூடாக்குதலும், இறுதியில் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தலும் கட்டாயம். திடீரென நின்றால் குருதி கால்களிலே தங்கித் தலைசுற்றும். மார்பில் இறுக்கமோ மயக்கமோ தோன்றின் அக்கணமே நிறுத்திச் சொல்லவேண்டும். இவற்றை எல்லாம் அன்னையார் விரைவிற் கற்றார். கற்க இயலாததாயிருந்தது ஒன்றே. நடக்கும்பொழுது உழைப்பு எவ்வளவு கடினமாயிருக்கிறது என்பதை 6 முதல் 20 வரை ஓர் எண்ணாற் சொல்லவேண்டும். சுவீடன் நாட்டு போர்க் என்னும் அறிஞர் வகுத்த அளவை இது. ஆறில் தொடங்குவானேன் என்று வினவினேன். எண்ணைப் பத்தாற் பெருக்கினால் உடல்நலமுடையாரின் நாடித்துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும் என்றனர். அன்னையார் உண்ணும் மருந்து நாடியின் வேகத்தை அடக்கி வைப்பதாதலின், நாடியை மட்டும் நம்பாமல் அவர் வாய்ச்சொல்லையும் கேட்கவேண்டியதாயிற்று. அவரோ எப்பொழுது கேட்டாலும், “கர்த்தர் கிருபையால் நன்றாயிருக்கிறேன்” என்பார். முகத்தில் வியர்வை வழியும். இயன்முறை மருத்துவர், “கிருபை இருக்கட்டும் அம்மா, எண் என்ன?” என்பார். முப்பது ஆண்டாக ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியே பழகிய நாவுக்கு ‘பதினைந்து’ என்று சொல்வது எளிதன்று. இறுதியில் அன்னையாரே ஒரு வழி கண்டார். முறத்தில் அரிசி புடைப்பது 9. ஆட்டுரலில் மாவு ஆட்டுவது 13. கிணற்றில் தொடர்ந்து நீர் இறைப்பது 17. மருத்துவர் விரும்பியது 11 முதல் 13 வரை. “மாவாட்டும் அளவுக்கு வந்தாயிற்று” என்று அவர் சொல்லும்போது கூடமே சிரிக்கும். நெஞ்சொடு கிளத்தல் என்னும் துறையை வகுப்பிற் படித்திருக்கிறோம். நெஞ்சு கிளப்பதைச் செவிசாய்த்துக் கேட்டவரை யான் அங்கேதான் கண்டேன்.

அன்னையார் நடக்கும் நேரத்தில் யான் கூடத்தின் வெளியே அமர்ந்து படிப்பேன். பாடநூலோடு இந்நோய்பற்றிய நூல்களும் சேர்ந்தன. எம் பேதைமை எமக்கே உரியதன்று என்பதை அவற்றால் அறிந்தேன். மார்வலியை 1772ஆம் ஆண்டில் தெளிவாக விளக்கிய ஹெபர்டன் என்னும் ஆங்கில மருத்துவர், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதைக் கடமையாகக் கொண்ட ஒருவர் பெரும்பாலும் நலமடைந்ததைக் குறித்து வைத்தார். அக்குறிப்பைப் பின்வந்தோர் மறந்தனர் போலும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாரடைப்புற்றோரை ஆறு வாரமும் அதற்கு மேலும் படுக்கையிலேயே கிடத்தினர்; சில இடங்களில் தாமே உணவெடுத்து உண்ணவும் விட்டாரில்லை. 1952இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களாகிய லெவினும் லோனும் நோயாளரைக் கட்டிலினின்று எழுப்பி நாற்காலியில் அமர்த்தலாம் என்று எழுதியதே அக்காலத்துப் பெருந்துணிவாயிற்று. நாற்காலியில் அமர்வதற்கே! 1955இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் மாரடைப்புற்றபொழுது, டாக்டர் பால் டட்லி ஒயிட் அவரைப் படிப்படியாக நடமாடச் செய்து மீண்டும் அலுவலுக்கு அனுப்பியதை உலகமே கண்டது.

யான் படித்தவற்றுள் என்னை உலுக்கியது 1966இல் டாலஸ் நகரில் நிகழ்ந்த சோதனை. நோயற்ற இளைஞர் ஐவர், ஏறத்தாழ என் வயதினர், 20 அகவையர், மூன்று வாரம் படுக்கையில் வைக்கப்பட்டனர். உழைக்கும்போது உடல் பிராணவாயுவைப் பயன்கொள்ளும் பேராற்றல் அவர்களிடம் கால்பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. பின் பயிற்சியால் அதனை மீட்டனர். முப்பது ஆண்டு கழித்து அவ்வைவரையே மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை செய்த கேடு, இளமையில் மூன்று வாரப் படுக்கை செய்த கேட்டளவு இல்லை. இதனைப் படித்த மாலையில் யான் நூலை மூடிவிட்டுக் கூடத்தின் கண்ணாடி வழியே அன்னையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வயதுக் காளையரை அவ்வாறு ஆக்கிய படுக்கையில், மார்பு பிளக்கப்பட்ட 53 வயதுப் பெண்ணை நான்கு வாரம் கிடத்தினேன், அதுவும் அன்பின் பெயரால்.

பயிற்சி எவ்வாறு பயன்செய்கிறது என்பதையும் கேட்டறிந்தேன். இதயம் ஒன்றே வலுப்பெறுகிறது என்று எண்ணியிருந்தேன். அவ்வளவன்று. பயின்ற தசைகள் குருதியிலுள்ள பிராணவாயுவை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். ஆதலின் அதே வேலைக்கு இதயம் முன்போல் விரைந்து அடிக்க வேண்டுவதில்லை. வேலையாட்கள் தேர்ந்தவராயின் தலைவனுக்குப் பாடு குறைவதைப் போன்றது இது. குழாய்களின் உட்சுவரும் வேண்டியபொழுது நெகிழ்ந்து விரியும் இயல்பை ஓரளவு மீளப் பெறும். உலகெங்கும் நிகழ்ந்த 85 ஆய்வுகளை ஒருங்கு நோக்கிய 2021ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, இப்பயிற்சி இதய நோயால் நேரும் இறப்பையும் மருத்துவமனைக்கு மீண்டும் செல்ல நேர்வதையும் குறைக்கிறது என்று காட்டுகின்றது. இவ்வளவு பயனுள்ளது நம் நாட்டில் எத்தனை ஊர்களில் கிடைக்கும்? சித்தி வீடு நகரத்தில் இல்லையேல் வாரம் மும்முறை பேருந்தில் அலைய எம்மாலும் இயன்றிராது.

பன்னிரண்டாம் வாரம் அதே தாழ்வாரத்தில் மீண்டும் அளந்தனர். 350 மீட்டர். அன்னையார் சுவரைப் பற்றவில்லை. முடிந்ததும் துணிவணிகருக்குத் தலையசைத்து விடைசொல்லிவிட்டு, காலணியைக் கழற்றி ஒரு துணிப்பையில் இட்டுக்கொண்டார். “ஊருக்கு இதைப் போட்டுக்கொண்டு போகமாட்டேன்” என்றார். போட்டுக்கொண்டே சென்றார்.

சென்ற திங்கள் ஒரு சனிக்கிழமை ஊருக்குச் சென்றிருந்தேன். விடியற்காலையில் கதவு திறக்கும் ஒலி கேட்டு விழித்தேன். பழைய அச்சம் எழுந்தது. ஆயினும் வாய் திறவாமல் பின்தொடர்ந்தேன். அன்னையார் ஆலயத்தைக் கடந்து தேரிப்பாதையில் ஏறினார். புளியமரத்தடியில் நிற்கவில்லை. கால் புதையும் மணலில் அவரை எட்டிப் பிடிப்பதற்குள் எனக்கு இரைத்தது. அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்து, “எண் என்ன?” என்று கேட்டார்.

“பதினைந்து, அம்மா.”

“எனக்குப் பன்னிரண்டுதான். மெதுவாக வா” என்று சொல்லி முன்னே நடந்தார்.