ரிச்மண்ட் பார்க்கில் ஒரு நடை

லண்டன் என்றதும் பக்கிங்ஹாம் அரண்மனையும் தேம்ஸ் நதியும்தான் நம் நினைவுக்கு வரும். நகரின் தென்மேற்குக் கோடியில் ரிச்மண்ட் பார்க் என்று ஒன்று இருக்கிறது. பார்க் என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் போட்ட நாலு கிரவுண்டு இடம் என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 2,500 ஏக்கர்! 1637-ல் முதலாம் சார்லஸ் மன்னர் தம் வேட்டைக்காக வளைத்துப் போட்ட காடு இது. இன்றும் 600-க்கும் மேற்பட்ட மான்கள் அங்கே சுதந்திரமாக மேய்கின்றன. பார்க்கை ஒட்டியே ஒரு நடைபாதை சுற்றி வருகிறது. ஒரு சுற்று கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர்.

2025 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் மகள் குடும்பத்தோடு அந்தப் பாதையில் நடந்தேன். நிதி திரட்டத்தான் நடந்தோம். யாருக்காக என்று கேட்கிறீர்களா?

என் பேத்தி 2024 மார்ச்சில், 29-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1 கிலோ 200 கிராம். பிரசவத்துக்காக மே மாதம் போக டிக்கெட் வாங்கி வைத்திருந்த நான், அலறி அடித்துக்கொண்டு ஓடினேன். குழந்தை 56 நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டாக்டர், நர்ஸ், இன்குபேட்டர் என்று அவளுக்கு இரவு பகலாகக் கவனிப்பு. அங்கே வைத்தியத்துக்குக் காசும் இல்லை.

ஆனால் பெற்றவர்கள் பாடு? கார் நிறுத்தக் கட்டணம், ரயில் செலவு, கான்டீன் சாப்பாடு என்று பணம் கரைந்தது. மாப்பிள்ளைக்குக் கிடைத்த லீவு இரண்டே வாரம். பிறகு ஆபீஸ் முடிந்து, ஓட்டமாக ஆஸ்பத்திரிக்கு வருவார். மகளோ மூன்று மணிக்கொரு தடவை, நடுராத்திரியிலும் எழுந்து, பம்ப் வைத்துப் பால் எடுப்பாள். பக்கத்தில் தொட்டில் காலியாக இருக்கும். ஆறு வயதுப் பேரன், "தங்கச்சி எப்ப வருவா பாட்டி?" என்று தினமும் கேட்பான். என்ன பதில் சொல்வது?

அந்த நாட்களில் கை கொடுத்தது 'பிளிஸ்' என்ற தொண்டு நிறுவனம். குறைமாதக் குழந்தைகளுக்குத் தேவையான கருவிகளும் பயிற்சி பெற்றவர்களும் போதவில்லை என்று கவலைப்பட்ட பெற்றோர் சிலரால் 1979-ல் தொடங்கப்பட்டது. எந்தக் கருவி எதற்கு, அது ஏன் சத்தம் போடுகிறது என்று எளிய புத்தகங்களில் விளக்கி வைத்திருக்கிறார்கள். பெற்றோரோடு பேச வார்டுக்கே தொண்டர்கள் வருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு அம்மாளின் குழந்தையும் குறைமாதத்தில் பிறந்தவனாம். "நீங்க இங்க விசிட்டர் இல்லை, தாய்" என்று அவர் சொன்னதும் என் மகள் உடைந்து அழுதிருக்கிறாள். என்னிடம் ஒரு நாளும் அழவில்லை. "நீ பயந்துடுவேன்னுதாம்மா" என்றாள் பிறகு. நர்ஸ் உதவியோடு குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் அணைத்துக்கொள்ளும் தைரியம் அதற்குப் பிறகுதான் வந்தது. மாப்பிள்ளையும் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு மணிக்கணக்கில் அணைத்தபடி உட்கார்ந்திருப்பார். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய இந்தக் 'கங்காரு' முறை இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

குழந்தை வீடு வந்து ஒரு வருஷம் ஆகும்போது மகள் சொன்னாள்: "பொம்மை, கவுன் எதுவும் வேண்டாம்மா. அந்தக் காசை பிளிஸுக்குக் கொடுக்கச் சொல்லலாம்னு இருக்கோம்."

"காசு கேக்கக் கூச்சமா இருக்காதாடி?" என்றேன்.

"நம்ம ஊர்ல கோயில் திருவிழாவுக்கு நோட்டு எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போறதில்லையா?" என்றாள். வாஸ்தவம்தானே!

அங்கே இதற்கு ஒரு முறை இருக்கிறது. 'நாங்கள் இத்தனை தூரம் நடக்கிறோம், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்று சொல்லி ஒரு தாளில் பெயரும் தொகையும் எழுதி வாங்குகிறார்கள். வருமான வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு கொடுத்தால், அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. பேரன் பள்ளியில் பலகாரக் கடையும் போட்டோம். பக்கத்து வீட்டுப் பெண்மணி கேக் செய்தார். நான் மசால் வடையும் ரவா லட்டும் செய்தேன். முந்திரி சேர்த்ததை மறக்காமல் அட்டையில் எழுதி வைத்தோம். ஒவ்வாமை விஷயத்தில் அங்கே அவ்வளவு கவனம்.

நடை கிங்ஸ்டன் கேட்டில் தொடங்கியது. முழங்கால் ஒத்துழைக்காததால் நான் பெம்புரோக் லாட்ஜ் வரை மட்டும் வந்தேன். அருகிலுள்ள மேட்டிலிருந்து, மரங்களின் இடைவெளி வழியே, 16 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரிகிறது! பேரனுக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது.

மே முதல் ஜூலை வரை மான்கள் குட்டி போடும் காலம். தாய்மான் குட்டியைப் புதருக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகுமாம். குட்டி தனியாகக் கிடந்தாலும் தொடக்கூடாது, மான்களிடமிருந்து 50 மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. இதைக் கேட்ட பேரன், "அதோட அம்மாவை மட்டும் கிட்ட விடுவாங்க இல்ல பாட்டி?" என்றான். என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மற்றவர்கள் முழுச் சுற்றையும் முடித்து, வீங்கிய காலோடு வந்தார்கள். 500 பவுண்டு சேர்ந்தால் போதும் என்று நினைத்தோம். 1,260 சேர்ந்தது.

அன்று இன்னொரு சந்தோஷமும் இருந்தது. பிளிஸும் பெற்றோரும் பல வருஷம் போராடிக் கேட்ட சட்டம் 2025 ஏப்ரல் 6-ல் அமலுக்கு வந்திருந்தது. பிறந்த 28 நாட்களுக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, தொடர்ந்து ஒரு வாரமாவது அங்கே இருக்கும் குழந்தையின் தாய், தந்தை இருவருக்குமே 12 வாரம் வரை கூடுதல் லீவு. "நமக்குக் கிடைக்கலை, அத்தை. இனிமே வர்றவங்களுக்குக் கிடைக்குமே" என்றார் மாப்பிள்ளை.

சகோதரிகளே, இதற்கெல்லாம் லண்டன் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவிலும் ஒரு பச்சைக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கலாம். "எப்போ வீட்டுக்கு வரும்?" என்று மட்டும் அந்தத் தாயைக் கேட்காதீர்கள், அது அவளுக்கே தெரியாது. ஒரு வேளைச் சாப்பாடு கட்டிக் கொடுங்கள். மூத்த குழந்தையை ஸ்கூலிலிருந்து அழைத்து வாருங்கள். ஜலதோஷம் இருந்தால் குழந்தையைப் பார்க்கப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுதால் அழ விடுங்கள்.