கட்டு அவிழ்ந்த மரங்கள்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் கிடக்கும் மணல்திட்டில், பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த வைரவன்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில், ‘மரம்’ என்று மட்டும் சொன்னால் அது கட்டுமரத்தையே குறித்தது. வீட்டுக்கு வீடு சொத்தாக இருந்து, தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த இந்தக் கலத்தை அரசுக் கணக்கெடுப்புகள் ‘இயந்திரம் பொருத்தப்படாத கலம்’ என்ற பிரிவில் சேர்த்துவிடுகின்றன. அதாவது, அதில் இருக்கும் வேலைப்பாட்டை விட்டுவிட்டு, இல்லாத எஞ்சினை வைத்து அதற்கு இடம் ஒதுக்கப்படுகிறது. நான்கு கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதுதானே என்று கரையில் நின்று பார்ப்பவர்கள் சொல்வதும் இதே பார்வைதான்.

மலைவேம்பு, கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, நடுவில் தாழ்ந்தும் ஓரங்களில் சற்று உயர்ந்தும் இருக்கும்படி வரிசைப்படுத்தி, அணியம் எனப்படும் முன்பகுதியிலும் அமரம் எனப்படும் பின்பகுதியிலும் குறுக்குக்கட்டை வைத்துக் கயிற்றால் பிணைப்பதே கட்டுமரம். கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே மணலில் ஏற்றிக் காயவைப்பார்கள். ஊறிய மரம் கனத்துவிடும் என்பது இதற்கு ஒரு காரணம். நீரிலேயே கிடக்கும் மரத்தைத் துளைத்துண்ணும் கடற்புழு உலர்ந்த மரத்தில் தங்காது என்பது மற்றொன்று. இவ்வளவு காத்தும் சில ஆண்டுகளில் ஏதாவது ஒரு மரம் நீர் குடித்து மிதப்பை இழக்கும். அதை மட்டும் கழித்துவிட்டுப் புதியதொன்றைச் செதுக்கிச் சேர்ப்பார்கள். பக்கமரம் புதிது, நடுமரம் பழையது என்றே ஒரு குடும்பத்தின் மரம் தலைமுறை தாண்டி ஓடியதால், அதற்கு ஒரே நாளில் விடை கொடுக்க வேண்டிய நிலை முன்பு வந்ததே இல்லை. கழித்த கட்டை வாசலில் உட்காரும் பலகையாகும், அல்லது அடுப்புக்குப் போகும். புதிய மரம் இறக்கும்போது தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியவர்கள் இதற்கென்று எதுவும் செய்யவில்லை, செய்யத் தேவையும் இருக்கவில்லை.

செதுக்குவதைவிடக் கடினமானது கட்டு. கட்டில் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதை அளவுகோல் கொண்டு சொல்ல முடியாது. தென்னங்கயிறு நனைந்தால் பருத்து நீளம் குறையும், மரமும் நீர் ஏற ஏறச் சற்று உப்பும், ஆகவே கரையில் உலர்ந்த நிலையில் போடும் கட்டு கடலுக்குள் தானே இறுகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக் கட்ட வேண்டும். மிகுதியாக இறுக்கினால் அலையடியில், அதாவது கரையோரம் அலை எழுந்து உடையும் இடத்தில், மரங்கள் தனித்தனியே அசைந்துகொடுக்க முடியாமல் கயிறு அறுந்துவிடும். தளர்த்திக் கட்டினாலோ நடுமரம் முன்னோ பின்னோ நழுவும். இரும்பாணி அடித்தால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைப்பவர் அலையடியை அறியாதவர். 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் காலத்திலும், துறைமுகமில்லாத இந்தக் கரை நெடுகிலும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கியவை, பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே. அலையின் அடியை வளைந்து வாங்கிக்கொள்ளாத கலம் அங்கே பிழைக்காது. கட்டைச் சொல்லிக்கொடுத்த மூத்தவர்கள் வாயால் சொல்லிக்கொடுக்கவில்லை. பையன் கட்டிய மரத்தின் மேல் ஏறி நின்று, இரண்டு காலையும் அகட்டி மாறி மாறி அழுத்திப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் அவிழ்த்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள், எங்கே தவறு என்பதைப் பையன்தான் கண்டுபிடிக்க வேண்டும். நைலான் கயிறு வந்தபோது இந்தப் படிப்பு முதல் அடியை வாங்கியது. நனைந்தால் இறுகாமல் நெகிழும் கயிறு அது. அதற்குப் பழகிய கை தென்னங்கயிற்றின் கணக்கை மறந்துவிட்டது.

கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்த கண்ணாடியிழைப் படகு, அதாவது ஃபைபர், திடீரென வந்துவிடவில்லை. 1979இல் சென்னையை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட, மீன்பிடித் தொழிலுக்கான வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் இறக்கி ஏற்றத்தக்க புதிய படகுகளை 1980களிலேயே சோதித்துப் பார்த்தது. ஆனால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஃபைபர்கள் வந்து குவிந்த வேகத்தில், முன்பு கட்டுமரத்தில் பங்காளியாகப் போனவரும் படகு உரிமையாளரானார். கலங்களின் எண்ணிக்கை ஏறியது, அவசரத்தில் செய்த படகுகள் சிலவற்றின் தரமோ இறங்கியது. ஃபைபரால் பயனில்லை என்று சொல்வது நேர்மையாகாது. தொலைவு போகலாம், வலையும் ஆளும் மிகுதியாக ஏற்றலாம், இடுப்பளவு நனைந்தபடி நாள் முழுவதும் முழங்காலிட்டுத் துடுப்புப் போட வேண்டியதில்லை. அதற்கு விலையாக எரிபொருளும் எஞ்சினும் வந்தன. அவற்றுக்கான கடனும் வந்தது. பெரும்பாலான வீடுகளில் மரத்துக்கு விடை கொடுத்த விதம் இதுதான்: யாரும் முடிவெடுக்கவில்லை, புதிய மரம் சேர்ப்பது நின்றது, அவ்வளவுதான்.

இழப்பு எங்கே என்பதை ஏரியின் முகத்துவாரம், அதாவது ஏரி நீரும் கடல் நீரும் கலக்கும் வாய், மணலால் தூர்ந்துபோகும் காலங்களில் காணலாம். அப்போது ஏரிப்பக்கம் கட்டிய ஃபைபர்கள் கடலுக்குப் போக வழியின்றி, தூர்வாரும் இயந்திரத்துக்கும் அதற்கான மனுவுக்கும் காத்துக் கிடக்கின்றன. கட்டுமரமாக இருந்தால் அவிழ்த்து, ஆளுக்கொரு முனையாகத் தோளில் ஏற்றி மணலைக் கடந்து, மறுபக்கத்தில் மீண்டும் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். பழுதாகிக் கைவிடப்பட்ட ஃபைபரோ மக்குவதில்லை, அடுப்புக்கும் ஆகாது. எரித்தால் நச்சுப் புகைதான் மிஞ்சும். இளைஞர்களுக்கான பயிற்சி முகாம்களில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுத்தரும் செலவில், ஐந்து மரங்களும் ஒரு சுமை தென்னங்கயிறும் ஒரு மூலைக்குக் காணாது. கட்டத் தெரிந்த கைகள் இன்னும் குப்பங்களில் இருக்கும்போதே மரம் கட்டவும் கற்றுத்தரலாம். ஆனால் திட்டம் தீட்டுவோரின் பட்டியலில் இயந்திரமில்லாத கலத்துக்குப் பயிற்சி என்ற தலைப்பே கிடையாது.