ஈ.எஸ்.ஆர். 48



என் தங்கையின் ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். 48 என்று வந்ததிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு வியாதி பெயர் சொல்கிறார்கள். அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கலங்கல் தண்ணீரை டம்ளரில் வைத்து மண் படிவதை வகுப்பில் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? அதே கதைதான். ரத்தம் உறையாமல் மருந்து கலந்து, மெல்லிய குழாயில் நிமிர்த்தி வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்பதே அந்த எண். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும். அப்போது சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும்.

எங்கே, எதனால் என்று இந்த எண் சொல்லாது. வயதானாலே கூடும், பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ரத்தசோகை இருந்தாலும் ஏறும். தங்கைக்கு வயது 64, ஹீமோகுளோபின் 9. அந்த வரியை ஒருவரும் படிக்கவில்லை! (வாட்ஸ்அப் டாக்டர்கள் கவனிக்க.)

அதற்காக 48-ஐ அலட்சியமாக விடவும் கூடாது. டாக்டர் சி.ஆர்.பி.யும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது கல்லீரலில் உண்டாகும் புரதம். அழற்சி வந்தால் சில மணி நேரத்திலேயே ஏறும், அடங்கினால் சீக்கிரம் இறங்கும். ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்கில் ஆகும்.

வெள்ளிக்கிழமை போகிறோம். அதுவரை அவளுக்குப் போன் செய்பவர்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள்.