கல்லுக்குப் பெயர் வைக்கும் முறை

புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர், சேதராப்பட்டுப் பக்கம் கிணறு வெட்டிக் கொட்டிய மண்ணில் விரல் நீளத்துக்கு நேரான கல்துண்டுகள் அகப்படுவதுண்டு. எடுத்த மாத்திரத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எலும்பு என்பார் ஒருவர். மரக்கிளை கல்லாகிவிட்டது என்பார் இன்னொருவர். திருவக்கரைக் கல்மரங்கள் பக்கத்திலேயே இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். இரண்டும் இல்லை. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற பிராணியின் ஓடு அது. அம்மோனைட் என்றால் சுருண்டுதான் இருக்கும். பூஜை அறையில் வைத்திருக்கிறோமே கண்டகி நதிச் சாளக்கிராமம், அதற்குள் இருப்பதும் சுருண்ட அம்மோனைட்தான். அந்தக் குலத்தில் பிறந்து நேராக நீண்டு வளர்ந்தது இது. பாகுலைட்டிஸ் என்று 1799-இல் பேர் வைத்தவர் ஃபிரெஞ்சு அறிஞர் லாமார்க்.

கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் இந்தத் துண்டை மாணவர் கையில் கொடுத்துவிட்டு நான் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்று. பெயர் சொல்லக் கூடாது. கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அது பெரிய தண்டனையாக இருக்கும். பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற வயசு அது. வயசானவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தெரிந்தது.

நேராக இருப்பதெல்லாம் பாகுலைட்டிஸ் ஆகிவிடாது. பெரம்பலூர் மாவட்டம் காரையில் செம்மண் ஓடைகளில் சுருட்டு வடிவத்தில் பெலெம்னைட்டுகள் கிடக்கும். அவையும் நேர்தான். ஆனால் உடைத்துப் பார்த்தால் உள்ளே கெட்டியாக, நடுவிலிருந்து கதிர் விரிந்தாற்போல் படிகம் இருக்கும். அது கணவாய் மீனைப் போன்ற பிராணியின் உடம்புக்குள் இருந்த பாகம். நேரான ஓடுள்ள நாட்டிலாய்டுகளும் உண்டு. அவற்றின் ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புச் சுவர் இருக்கும். அந்தச் சுவர் ஓட்டோடு சேருகிற கோடு சாதாரண வளைகோடாக இருக்கும். பாகுலைட்டிஸில் அதே கோடு மடங்கி, மடங்கிய இடத்தில் மறுபடி மடங்கி, கோலம் போட்டதுபோல் ஓடும். சூச்சர் கோடு என்று பெயர். மேல் ஓடு உதிர்ந்த துண்டில் லென்ஸ் இல்லாமலே தெரியும். குலம் எது என்று காட்டிக்கொடுப்பது இந்தக் கோடுதான், வெளி வடிவம் இல்லை.

பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். முழு ஓடு கிடைப்பது அபூர்வம். சில இனங்கள் இரண்டு மீட்டர் நீளம்கூட வளர்ந்திருக்கின்றன, நமக்குக் கிடைப்பதோ சாண் அளவுத் துண்டு. அதனால் வெர்னியர் காலிப்பரை வைத்து உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் எவ்வளவு வேகத்தில் பருக்கிறது என்று குறிக்கிறோம். பக்கவாட்டில் வரிகள் இருந்தால், ஓட்டின் உயரத்துக்குச் சமமான நீளத்தில் எத்தனை வரி என்று எண்ணுகிறோம். குறுக்காக வெட்டிய முகம் வட்டமா, முட்டை வடிவமா, பேரிக்காயை நெடுக்காக வெட்டினாற்போல் ஒரு பக்கம் ஒடுங்கி இருக்கிறதா என்று பார்க்கிறோம். அறைகளைத் தொடுத்துச் செல்லும் சிறு குழாய் எந்த விளிம்பை ஒட்டிப் போகிறதோ அதுதான் வயிற்றுப்புறம். படம் எடுக்கும்போது நவச்சாரத்தைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கி, வெள்ளைப் புகையாகக் கல்மேல் படியவிடுவோம். கல்லின் பழுப்பும் கறுப்பும் மறைந்து மேடு பள்ளம் மட்டும் தெளிவாகத் தெரியும். நிறம் கண்ணை ஏமாற்றும். படம் எடுத்த பிறகு தண்ணீர் பட்டால் போய்விடும், கல்லுக்குச் சேதம் இல்லை.

இதில் பெரும்பாலும் நம் கைக்குக் கிடைக்காமலே போவது நுனி. இந்தப் பிராணி முட்டையிலிருந்து வரும்போது ஒரு மில்லிமீட்டர் அளவில் சுருண்ட ஓட்டோடுதான் வருகிறது. அதற்கப்புறம் நேராக வளர்கிறது. அந்தப் பிள்ளைப் பருவச் சுருள் முதலில் ஒடிந்து தொலைந்துவிடும். நேரான துண்டை மட்டும் பார்த்தவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதே தெரியாது. மனிதர்களிடம் நாம் தினமும் செய்கிற காரியம் இது. ஐம்பது வயது ஆளின் ஒரு சாண் துண்டைப் பார்த்துவிட்டு முழு ஆளுக்கும் பெயர் வைத்துவிடுகிறோம்.

இனி வழுதாவூர்க் கல்லின் கதை. 1840-களில் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் சேகரித்த படிவங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை அறிஞர் அவற்றை மேசையில் பரப்பி ஆராய்ந்து 1846-இல் விளக்கம் வெளியிட்டார். நம்முடைய நேர் ஓட்டுக்கு பாகுலைட்டிஸ் வஜைனா என்று அவர் வைத்த பெயர் வாளுறையைக் குறிக்கும் லத்தீன் சொல்.

இதே ஃபோர்ப்ஸ் அதே அறிக்கையில், புதுச்சேரிப் பாறைகள் கிரீட்டேஷியஸ் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று கணித்தார். அந்தக் கணிப்பு நிற்கவில்லை. ஃபிரெஞ்சு அறிஞர் டோர்பிஞி அதே வட்டாரப் படிவங்களைப் பார்த்து, அவை அந்தக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்றார். இன்று நமக்குத் தெரியும், வழுதாவூர் அடுக்கு அந்தக் காலத்தின் கடைசிக் கட்டம். டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தையது. தொடக்கம் என்றவர் கடைசியில் போய் இடித்திருக்கிறார்! சாதாரணத் தவறா? ஆனாலும் ஃபோர்ப்ஸ் வைத்த பெயர் இன்றுவரை வாழ்கிறது. காரணம், எந்தக் கல்லைப் பார்த்து எழுதினாரோ அந்தக் கல்லை அவர் விட்டுச்சென்றிருந்தார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. யாரும் போய் எடுத்துப் பார்க்கலாம், அளக்கலாம், அவர் சொன்னது சரியில்லை என்று எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள்.

வகைமாதிரி என்று இதைச் சொல்வோம். ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைக்கிறவர், இந்தப் பெயர் எந்தக் கல்லுக்கு உரியது என்று ஒன்றைக் காட்டி, அதற்கு எண் போட்டு, பொதுவான ஓர் இடத்தில் ஒப்படைப்பதுதான் முறை. என் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றால் பொதுவாக ஒப்ப மாட்டார்கள். விலங்கியல் பெயரிடலுக்கான சட்டத் தொகுப்பில் எனக்குப் பிடித்த இன்னொரு ஏற்பாடும் உண்டு. 1926-இல் ஸ்பாத் என்பவர், தட்டையான வயிற்றுப்புறம் உள்ள இந்த வகைகளைத் தனியாகப் பிரித்து யூபாகுலைட்டிஸ் என்று புதிய பேரினம் ஆக்கினார். நம் கல் யூபாகுலைட்டிஸ் வஜைனா ஆனது. அதோடு ஃபோர்ப்ஸ் பெயரை அடித்துவிட்டார்களா? இல்லை. பெயருக்குப் பின்னால் (ஃபோர்ப்ஸ், 1846) என்று அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். முதலில் சொன்னவர் இவர், இடம் மட்டும் பின்னால் மாறியிருக்கிறது என்று அந்த அடைப்புக்குறி சொல்கிறது. திருத்துகிறவன் முன்னவரை அவமானப்படுத்தவும் இல்லை, அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. மாமியார் மருமகள் சமையலறையில் இந்த நாகரிகம் இருந்தால் எத்தனை வீடு பிழைக்கும்!

நம் குடும்பங்களில் பெயர் மட்டும் தலைமுறை தாண்டி வருகிறது, சான்று வருவதில்லை. எங்கள் உறவில் ஒரு பையனுக்கு "திமிர் பிடித்தவன்" என்று பெயர். அவனுக்குப் பெண் கேட்டு வந்தபோது என் சித்தப்பா அதைத்தான் சொன்னார். என்ன பார்த்தீர்கள் சித்தப்பா என்று கேட்டேன். தோண்டித் துருவியதில் வந்தது இவ்வளவுதான்: ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல் கிளம்பிப் போய்விட்டான். அதையும் சித்தப்பா பார்க்கவில்லை, யாரோ சொன்னது. "அன்னைக்கு அவனுக்கு நைட் ஷிப்ட் இருந்துதுடா, நான்தான் போகச் சொன்னேன்" என்றாள் அத்தை. பத்து வருஷமாக ஒட்டியிருந்த பெயருக்கு அடியில் ஒரு துண்டுக் கல்கூட இல்லை.

நேர் ஓட்டு அம்மோனைட்டுகளுக்கும் இப்படி ஒரு பழி வந்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் ஆல்ஃபியஸ் ஹயாட், தனி உயிருக்கு இருப்பதுபோல் இனத்துக்கும் இளமை, முதுமை உண்டு என்றார். அழகாகச் சுருண்டது இளமை. சுருள் அவிழ்ந்து நேராவது கிழட்டுத்தனம், சாகப்போவதன் அறிகுறி. இதே போக்கில் ஜெர்மனியில் ஷிண்டேவோல்ஃப் இருபதாம் நூற்றாண்டிலும் பேசினார். கண்ணுக்கு லட்சணமாக இல்லை என்பதைத் தவிர இதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது. பாகுலைட்டிஸ் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் வாழ்ந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் அன்று இருந்த கடலில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்து, ஓர் இனம் போய் அடுத்த இனம் வந்து, அந்த மாற்றம் இவ்வளவு ஒழுங்காக இருந்ததால் வில்லியம் காபன் என்ற நிலவியலாளர் அதைக் கொண்டே பாறைகளின் வயதை வரிசைப்படுத்தினார். அவர் பிரித்த கட்டங்களில் பெரும்பாலானவை பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவு. இதுவா நோஞ்சான் இனம்? சுருள் அவிழ்ந்த கிளைகளிலிருந்து மறுபடி சுருண்ட வகைகள் பிறந்திருக்கின்றன என்று 1969-இல் வீட்மான் காட்டிய பிறகு அந்தக் கிழட்டுக் கோட்பாடு படுத்துவிட்டது. வளைந்து கொடுக்காத கிழவனுக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் பாகுலைட்டிஸ் பக்கம்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சின்ன வித்தியாசம் தெரிந்தால்கூடப் புதுப்பெயர் வைக்கிற ஆசை. 1966-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்த இதே வகை ஓடுகளுக்குப் புதிதாகச் சில பேரினங்களையே உண்டாக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் யூபாகுலைட்டிஸுக்குள் சேர்த்துவிட்டார்கள். பொதுவாக அம்மோனைட்டுகளில் ஆணும் பெண்ணும் அளவில் வேறுபடுவதால், ஒரே இனத்தின் இருபாலுக்கும் தனித்தனி இனப்பெயர் வைத்த கதைகளும் நிறைய. மறுபுறம், 1895-இல் காஸ்மட் நம் தென்னிந்தியப் படிவங்களை ஆராய்ந்து, வஜைனாவின் ஒரு வேறுபாடு மட்டுமே என்று சிம்ப்ளெக்ஸ் என்ற ஒன்றைக் குறித்துவைத்தார். பிற்காலத்தில் அது தனி இனமாகவே ஏற்கப்பட்டது. அடக்கமாகச் சொன்னவரின் சொல் மேலே ஏறியது. இரண்டு கல்லைப் பார்த்து இரண்டு பெயர் வைக்கலாம். இருநூறு கல்லைப் பரப்பினால் நடுவில் எங்கே கோடு கிழிப்பது என்று கை நடுங்கும். அந்த நடுக்கம் வந்தவனைத்தான் நான் நம்புவேன்.

பழைய கல் புதுச் செய்தியும் சொல்லும். தெற்கு டகோட்டாவில் கிடைத்த பாகுலைட்டிஸ் மூன்றை உடைக்காமலே வலுவான எக்ஸ்-கதிரில் ஊடுருவிப் பார்த்து 2011-இல் அறிக்கை வெளியிட்டார்கள். உள்ளே தாடையும் நுண்ணிய பல்வரிசையும் இருந்தன. ஒன்றின் வாயில் குஞ்சு நத்தையும் மிகச் சிறிய ஓட்டுடலிகளும்கூட அப்படியே இருந்தன. கடலில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்றது என்பது அப்படித்தான் தெரிந்தது. கல்லைப் பத்திரப்படுத்தி வைக்காமல் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

அரியலூர், பெரம்பலூர், புதுச்சேரிப் பக்கம் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுண்ணாம்புக்கல் சுரங்கம், வீட்டுமனை, தொழிற்பேட்டை என்று நிலம் வேகமாகப் புரண்டுகொண்டிருக்கிறது. வரி ஓடிய நேர்க்கல் ஏதாவது கையில் பட்டால் கம்பியால் சுரண்டாதீர்கள், வார்னிஷ் பூசி ஷோகேஸில் வைக்காதீர்கள். எந்த ஊர், யார் நிலம், எத்தனை அடி ஆழம், என்று கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு சேர்த்துக் கட்டுங்கள். இடம் தெரியாத படிவத்தை வைத்துக்கொண்டு எவராலும் எதுவும் செய்ய முடியாது. அருகில் நிலவியல் துறை உள்ள கல்லூரிக்குக் கொடுங்கள். அரியலூர்க்காரர்கள் வாரணவாசி அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டலாம். பெயரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சீட்டை மட்டும் நீங்கள் எழுதிவிடுங்கள்.