சிறிய இரயிலடி

ஆண்டுதோறும் ஆடித் திங்களில் ஜெர்மனியில் ஒரு பங்கிற்குத் துணைப்பணிக்குச் செல்கிறோம். மற்றைய நாள்கள் சங்கரன்கோவிலில். அங்கு வாங்கிய சிறு தண்டவாளங்களைக் கொண்டு, அகலப்பாதை வருமுன் இவ்வூரில் இருந்த மீட்டர்கேஜ் இரயிலடியை 87-இல் ஒரு பங்காக அமைக்கத் தொடங்கினோம். ஒரு மீட்டர் பாதை அதில் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்!

முதலாண்டு அறையைப் பூட்டிச் சென்றோம். திரும்பியபோது ஆடிக்காற்றின் புழுதி படிந்து எஞ்சின் ஓட மறுத்தது. மின்சாரம் தண்டவாளத்தின் வழியே அன்றோ வரவேண்டும்! மறுமுறை திறவுகோலை உபதேசியாரின் பேரனிடம் ஒப்படைத்தோம்.

வந்து பார்க்கையில் தண்டவாளம் பளிச்சென்றிருந்தது. மேடையில் களிமண் உருவம் ஒன்று: வெள்ளை அங்கி, கையில் பெட்டி.

"நாம் புறப்படுகிறோமா, தம்பி?" என்றோம்.

"இல்லை சாமி, வந்து இறங்கியாச்சு" என்றான்.

பூட்டி வைத்ததன்று, ஒப்படைத்துச் சென்றதே நமக்கு வீடாயிற்று.